எட்டாம் எஞ்சினின் கூரை

பெயின்ட் அடித்த எதைக் கண்டாலும் வெல்மா கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பாள். தேவாலயக் கதவு, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு, பல் டாக்டர் வீட்டு ஜன்னல் எதையும் விட்டதில்லை. அடியில் என்ன நிறம் என்று தெரிந்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். முப்பது வருஷமாக ஹேல்ஸ் க்ரீக்கில் கடைப் பலகை எழுதுகிறவள்.

மூடிப்போன மலை ரயில்பாதையின் கடைசி நீராவி எஞ்சினை ஊர்க்காரர்கள் சிலர் சனிக்கிழமைதோறும் கூடிச் செப்பனிட்டு வந்தார்கள். எட்டாம் நம்பர் எஞ்சின். வெல்மாவின் அப்பா ஸ்டூபக் அதில்தான் கரி அள்ளிப் போட்டார். "எங்க வண்டிக்குக் கூரை செவப்பு" என்று சாகும்வரை சொன்னார். இருந்த புகைப்படங்களிலெல்லாம் கூரை கறுப்பு. "ஸ்டூபக் குடிச்சா வானமே செவப்புதான்" என்பது மதுக்கடையில் நிரந்தரக் கேலி. அப்பா போய்ப் பல வருஷமாகியும் அது ஓயவில்லை.

எஞ்சினில் எழுத்து எழுத வெல்மாவைக் கூப்பிட்டவன் ஓரின். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், கூட்டத்துக்குத் தலைவன். அவன் கறுப்புப் பெயின்ட் டப்பாவைத் திறந்தபோது அவள் ஏணியில் நின்று கூரை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கறுப்பு, மறுபடி கறுப்பு, அதன் அடியில் செங்கல் சிவப்பு.

"ஓரின், பிரஷ்ஷைக் கீழ வை."

அவன் ஏறிப் பார்த்துச் சிரித்தான். "அட, இது பிரைமர். இரும்புக்கு முதல்ல அடிக்கிறது. பலகை எழுதறவளுக்கு நான் சொல்லணுமா? உங்கப்பா பேச்சைக் கேட்டு எஞ்சினுக்கு லிப்ஸ்டிக் போடச் சொல்றியா?"

கீழே நின்றவர்களும் சிரித்தார்கள். வெல்மாவுக்குக் காது சூடேறியது. பிரைமரும் இந்த நிறம்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. இன்று கறுப்பு ஏறிவிட்டால் அப்பா காலத்துக்கும் பொய்யர்தான்.

அவள் இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்தாள். அதைச் சாய்த்துப் பிடித்து, வெங்காயத் தோல் உரிப்பதுபோல் ஒவ்வொரு பூச்சாக உரித்தாள். சிவப்பு வெளியே வந்ததும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தாள். துணியில் கரி ஒட்டியது. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே புகைக்கரி படிந்திருந்தது.

"பிரைமர் காஞ்சதும் மேல்பூச்சு போட்டுருவாங்க. அதுமேல இவ்வளவு புகை எப்படிப் படியும்? இந்தச் செவப்பு வருஷக்கணக்கா புகை குடிச்சிருக்கு, ஓரின்."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியை முகர்ந்தான். "நிலக்கரிதான்" என்றான். அப்புறமும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. "அப்போ போட்டோவுல?"

"கறுப்பு வெள்ளைப் படம். அந்தக் காலத்துப் படத்துல செவப்பெல்லாம் கறுப்பாத்தான் விழும், உன் செவந்த மூக்குகூட."

இந்தத் தடவை எல்லாரும் ஓரினின் மூக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் டப்பாவை மூடி, சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினான்.

"உங்கப்பா பேரைச் சொல்லி இனி எவனாவது வானம் செவப்புன்னா, எங்கிட்ட சொல்லு" என்றான்.

இன்று எட்டாம் எஞ்சினுக்கு உடம்பு கறுப்பு, கூரை சிவப்பு. விளிம்பில் வெல்மா உரித்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே இருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடிக்க ஓரின் யாரையும் விடுவதில்லை.