பெயர் வெட்டிய டம்ளர்

அந்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, என் தம்பியின் பெயர் இருக்கிறது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் இயந்திரம் போட்ட இரைச்சல்கூட எனக்கு மறக்கவில்லை. சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவார்கள். விசேஷத்துக்கு இரவல் போய்வரும் அண்டாவுக்கு வெட்டுவார்கள். ஒற்றை டம்ளருக்கு யாரும் வெட்டுவதில்லை. கடைக்காரர், "இது ஒண்ணுக்கு மட்டுமா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். பரிசு என்றேன்.

தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. கூடவே வந்த காசநோய் முதுகெலும்பைத் தாக்கி இடது காலை இழுக்க வைத்திருந்தது. கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன், கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாமல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரின் உப்பளம் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நான் பிரெஞ்சு ஆசிரியர். டம்ளரால் இந்த நோய் பரவாது என்று இரண்டு மொழிகளில் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். மனைவி பயப்படுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

கொடுத்தபோது அவன் எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தான். "பேரெல்லாம் வெட்டிக் குடுக்கற. என்னை எந்த வீட்டுக்குண்ணே கட்டிக் குடுக்கப் போற?" என்று சிரித்தான். அன்றிலிருந்து அதில்தான் குடித்தான். தானே கழுவி, மற்ற பாத்திரங்களோடு சேர்க்காமல், ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைப்பான்.

மாத்திரைகள் அவனை மெல்லத் தேற்றின. கால் மட்டும் தேறவில்லை. ஒருநாள் கேமராவை முக்காலியில் நிறுத்தி, காலை எட்டு மணி அலாரம் அடித்ததும் தான் மாத்திரை போடுவதை எடுக்க ஆரம்பித்தான். ஜன்னல், சுவரில் சாய்ந்த ஊன்றுகோல், டம்ளர், அவன் கை. வேறொன்றும் அதில் வராது. ஒரு வருடம் எடுத்ததை இருபது நிமிடமாகச் சேர்த்தான். வெயில் இடம் மாறும், மெலிந்த கை மெல்லத் தேறும். டம்ளர் மட்டும் அப்படியே இருக்கும். கடைசியில் அவன் குரல் கேட்கும். "எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. எங்கண்ணன் என் பேரை வெட்டி ஒரு டம்ளர் குடுத்தாரு. அந்த வீட்ல வேற எந்த டம்ளர்லயும் பேரு இல்ல."

ஒரு ஓவியக்கூடம் அதைத் திரையிட ஒப்புக்கொண்டது. வருகிறவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் திரையின் அடியில் பிரெஞ்சு வரிகள் வேண்டும் என்றார்கள். அவனுக்கு அந்த மொழி தெரியாது. "நீ எழுதிக் குடுண்ணே, ஒரு வார்த்தை மாத்தாத" என்று அந்த வாக்கியங்களை எழுதிய தாளை என்னிடம் நீட்டினான். அதைப் படித்தபோதுதான், முதல் நாளே அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது என்று அறிந்தேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான் பேனாவை எடுத்தேன். என்னோடு பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர்களும் வருவார்கள். என்னைப் பண்பானவன் என்று நம்பியவர்கள். "எனக்கு நெடுநாளாக உடல்நலமில்லை. என் அண்ணன் அன்போடு என் பெயர் பொறித்த டம்ளர் ஒன்றைப் பரிசளித்தார். அந்த வீட்டில் அப்படியொன்று எனக்கு மட்டும்தான் கிடைத்தது." இதைத்தான் பிரெஞ்சில் எழுதினேன். அவன் அதை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் திரையில் பொருத்தினான்.

படம் முடிந்ததும் ஒரு வயதான அம்மாள் அவனிடம் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மனைவி. "எனக்குக் காது சுத்தமா கேக்காது தம்பி, அடியில ஓடறதைத்தான் படிச்சேன். அன்போட பேரு போட்டுக் குடுத்தாருன்னு எழுதியிருந்துச்சே! இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்?" தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் காலை துணிகளை எடுத்து வைத்துக்கொண்டான். "எனக்கு இருக்கறது அந்தப் படம்ங்கற ஒரு வாய்தாண்ணே. அதுலயும் நீயே பேசிட்ட." டம்ளரை என் மேசைமேல் வைத்தான். "இத நீ வச்சிக்க. அன்பா குடுத்ததாச்சே."

மூலக்குளத்தில் ஒரு மாடி அறையில் இருந்தான். எப்போதாவது போவேன். டீ கொடுப்பான், மழையைப் பற்றிப் பேசுவான். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று முப்பது வருடம் வகுப்பில் பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்தவன் நான். அவனிடம் தமிழில்கூடக் கேட்கவில்லை. சென்ற ஆண்டு மாரடைப்பில் போய்விட்டான். கேமராவும் அந்தப் படமும் என்னிடம் வந்து சேர்ந்தன.

மனைவியும் இப்போது உயிரோடு இல்லை. மகள் பாரிஸில் இருக்கிறாள். இன்று காலை எட்டு மணிக்குப் படத்தைப் போட்டு, அந்த மூன்று வாக்கியங்களையும் அவன் சொன்னபடியே பிரெஞ்சில் எழுதிப் பொருத்தினேன். சரியா என்று காட்டிக் கேட்க ஆளில்லை. பிறகு அந்த டம்ளரில் காபி குடித்துக் கழுவி, ஜன்னல் மேடையில் கவிழ்த்தேன். அலமாரியில் இன்னும் பதினோரு டம்ளர்கள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் இப்போது நான் மட்டுமே குடிப்பது. இனி டம்ளர் மாறிப்போக வழியில்லை.