வாய் மூடாத ஊமைப்பட நடிகை

என் அக்கா மகள் ஆரணி ஊமைப்பட நடிகையாக இருந்தது மொத்தம் பதினொரு மாதம். ஹம்பேர்க் நகரில் சினிமா படிக்கும் முதலாம் ஆண்டு மாணவர்கள் வசனமே இல்லாமல் கறுப்பு வெள்ளையில் படம் எடுக்க வேண்டுமாம். அவர்களில் ஒருத்தி, எங்கள் மேல்மாடியில் குடியிருந்த சென்னைப் பெண் ஹரிப்ரியா, ஏழு வயது ஆரணியின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். வாயைக் கவனிக்கவில்லை. அது தூக்கத்தில் மட்டும்தான் மூடும்.

ஊமைப்படத்துக்கு அது ஒரு குறையே இல்லை. ஒலிப்பதிவு கிடையாது என்று தெரிந்ததும் பிள்ளை கமெரா ஓட ஓடக் கதைத்துத் தள்ளினாள். அக்காவுக்கு வேலை. துணைக்குப் போன நான்தான் அவளுடைய கோட்டைப் பிடித்தபடி குளிரில் விறைத்தேன்.

இரண்டு படம் முடிந்தது. அத்தான் ஆனந்தராசாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"படிப்புக் கெட்டுப்போகும். படம் காட்டுற அண்டைக்கு வந்து பாப்பன். பிடிக்காட்டி இதோட சரி" என்றுவிட்டார்.

"அப்பாவுக்குப் பிடிக்குமோ சித்தி?" என்று ஆரணி மூன்று நாள் என் உயிரை எடுத்தாள்.

படம் காட்டும் நாள் வந்தது. திரையில் துறைமுகம். தொலைந்துபோன சிறுமி கண்ணீரோடு ஏதோ கெஞ்சுகிறாள். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தான் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அவளின்ர வாயைப் பார்!"

பார்த்தேன். உதடுகள் தெளிவாகவே சொல்லின: "சித்தி, ஒண்டுக்கு வருது! சித்தி, அடக்க ஏலாது!"

அத்தான் மகளைத் தூக்கி மடியில் இருத்தி, "எத்தினை படமெண்டாலும் நடி பிள்ளை" என்றார். அடுத்த படப்பிடிப்புக்கு லீவு போட்டுவிட்டு அவரும் வந்தார்.

அது இரண்டாம் ஆண்டுப் படம். ஒலி உண்டு.

"ஒரே டயலாக்தான் கண்ணா. 'நான் வரமாட்டேன்'னு சொன்னா ஓகே" என்றாள் ஹரிப்ரியா.

எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். ஆரணி வாயே திறக்கவில்லை. ஏழு முறை எடுத்துப் பார்த்துவிட்டு வேறு பிள்ளையைத் தேடினார்கள்.

திரும்பும்போது எஸ்-பான் ரயிலில் ஆரணி விம்மி விம்மி அழுதாள். அத்தான் கைபேசியைப் பார்த்தபடி, "ஏன் பிள்ளை கதைக்கேல்லை?" என்றார்.

"எல்லாரும் சத்தம்போடாம நான் சொல்லுறதையே கேக்க நிண்டவை. எனக்குப் பயமாப் போச்சு. வீட்டில ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை அப்பா."

'வாயை மூடு' என்று அவளை நான் எத்தனை தடவை அதட்டியிருப்பேன்! எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தான் கைபேசியைப் பைக்குள் வைத்தார்.

"இப்ப சொல்லு. நான் கேக்கிறன்."

ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடங்கினாள். நாங்கள் இறங்கவேண்டிய இடம் வந்து போய்விட்டது. ஒருவரும் எழும்பவில்லை.