நான்காம் பதிலாளர்

நெவேனா அரசியல் அறிவியல் படிக்கத் தலைநகர் சோபியாவுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் ப்ரோதேவோவில் சிரிக்காதவர்கள் குறைவு. டான்யூப் ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு மழலையர் பள்ளி, ஒரு நகராட்சி, அவ்வளவுதான் அந்த ஊர். எதிர்வீட்டு ஸ்தோய்னா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்.

“அரசியலைப் போய் யாராவது நாலு வருஷம் படிப்பாங்களா? காப்பிக்கடையில உக்காந்தா ஓசியிலேயே கத்துக்கலாமே!”

“உன் மகன் பத்து வருஷமா அங்கதான உக்காந்திருக்கான்? என்னத்தக் கத்துக்கிட்டான்?” என்றாள் டோன்கா.

டோன்கா நெவேனாவின் சித்தி. நெவேனாவுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அம்மா இத்தாலிக்குப் போய்விட்டாள், அங்கே வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு. கோடையில் ஒருமுறை வருவாள், புத்தாண்டுக்கு ஒருமுறை வருவாள். மற்ற நாளெல்லாம் சித்திதான். டோன்காவுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருடமே புருஷன் ஆற்றோடு போய்விட்டான், பிள்ளை இல்லை. மழலையர் பள்ளியில் சமையல் வேலை. அறுபது குழந்தைகளுக்குப் பீன்ஸ் சூப் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, அறுபத்தோராவது குழந்தைக்கும் அதே சூப்பை வைப்பாள். “அங்க வெச்சதுல உப்பு கம்மி. உனக்குத் தனியாப் போட்டிருக்கேன்” என்பாள்.

சோபியாவில் முதல் வருடம் நெவேனாவுக்குத் தலை சுற்றியது. அரசு என்றால் என்ன, சம்மதம் என்றால் என்ன, ஒரு மனிதன் தன் ஓட்டைத் தானே போடுகிறானா அல்லது போட வைக்கப்படுகிறானா என்று வகுப்பில் மணிக்கணக்காகப் பேசினார்கள். தலைநகரத்துப் பிள்ளைகள் வாய் ஓயாமல் வாதாடுவார்கள். இவள் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பாள். வடமேற்கிலிருந்து வந்தவளின் பேச்சுவழக்கைக் கேட்டு அவர்கள் ஒருமுறை சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து வாய் திறப்பதில்லை. ஆனால் மூன்றாம் வருடம் தேர்தல் புள்ளிவிவரங்களைப் பிரித்துப் பார்க்கும் பாடம் வந்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாடு முழுக்க உள்ள வாக்குச்சாவடிகளின் கணக்கு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அவள் ஊரும் இருந்தது. ஏழாம் எண் சாவடியில் நான்கு தேர்தலாக ஒரே கட்சிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு.

“இது எங்க தெரு,” என்றாள் நெவேனா. அந்த வகுப்பில் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பேராசிரியர் மிலேவ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “அப்படின்னா இதை நீங்கதான் எழுதணும். எண்ணிக்கையை யார் வேணாலும் எடுக்கலாம். அந்தத் தெருவுல போய் உக்காந்து பேச உங்களால மட்டும்தான் முடியும்.”

அன்று முதல் அவள் வேறு ஆளாகிவிட்டாள். சிரித்த பிள்ளைகளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

செப்டம்பரில் ஊருக்குப் போனாள். வீட்டுக் கொல்லையில் டோன்கா குளிர்காலத்துக்காகக் குடைமிளகாயைச் சுட்டுக்கொண்டிருந்தாள். தோல் கருகும் வாசனை தெரு முழுக்க இருந்தது. நெவேனா பக்கத்தில் உட்கார்ந்து தோலை உரித்தபடி கேட்டாள்.

“சித்தி, தேர்தலன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல பெஞ்சுல உக்காந்திருப்பியே, எதுக்கு?”

“எதுக்குன்னா? என் ஆளுங்க வந்தாங்களான்னு பாக்கத்தான்.”

“உன் ஆளுங்களா?”

“நகராட்சிச் சம்பளம் வாங்குற ஒவ்வொருத்தரும் மேயர் கட்சிக்கு ஓட்டுப் போடப் பதினஞ்சு பேர எழுதிக் குடுக்கணும். வாத்தியாரம்மா, நான், குப்பை வண்டி ஓட்டுற ஆளு, எல்லாரும்தான். யாரும் மிரட்டல. குடுக்கலேன்னா அடுத்த வருஷம் வேலை இருக்குமான்னு தெரியாது, அவ்வளவுதான்.” டோன்கா சிரித்தாள். “மத்தியானத்துக்குள்ள வரலேன்னா போன் பண்ணுவேன். நடக்க முடியாதவங்களுக்குக் கார் வரும். பாவம், கிழடுங்க. அந்தப் பட்டியல்ல பேர் இருந்தாத்தான் குளிருக்கு அவங்க வாசல்ல விறகு வந்து இறங்கும்.”

கைபேசி மிளகாய்க் கூடைக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அது டோன்காவுக்கும் தெரியும். பாடத்துக்கு வேண்டும் என்று நெவேனா சொல்லியிருந்தாள். கடைசியில் ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது, டோன்கா மிளகாய்ச் சாறு பட்ட விரலைத் துடைத்துக்கொண்டு படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

“படிச்சுப் பாரு சித்தி.”

“நீ படிச்சிருக்கியே, போதாதா?”

ஆய்வேட்டில் டோன்காவின் பெயர் இல்லை. ‘நான்காம் பதிலாளர், பெண், வயது ஐம்பத்தாறு’ என்று மட்டும் நெவேனா எழுதியிருந்தாள். முதல் வரைவைத் திருத்திக் கொடுத்த மிலேவ் ஓரத்தில் குறித்திருந்தார்: ‘பதிலாளரின் வேலையையும் சேருங்கள். கூற்றுக்கு வலு கூடும்.’ நெவேனா ‘மழலையர் பள்ளிச் சமையற்காரர்’ என்று அடித்தாள். அழித்தாள். விடுதி அறையில் கூட இருந்த எலிட்சாவிடம் கேட்டாள்.

“ஊர் பேரை மாத்திட்டேல்ல? அப்புறம் என்ன பயம்?” என்றாள் எலிட்சா.

ஊர் பெயரை மாற்றியிருந்தாள். ஆனால் டான்யூப் கரை என்று இருந்தது, ஏழாம் எண் சாவடி என்று இருந்தது, தொண்ணூறு சதவீதம் என்று இருந்தது. ஒரு கணம் அந்த வரிகளைத் திரையில் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப அடித்தாள். பின்னாளில் எத்தனையோ முறை அந்தக் கணத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அது ஒருமுறைகூட இடம் கொடுத்ததில்லை.

ஆறுக்கு ஆறு மதிப்பெண். தேர்வுக்குழுவில் இருந்த ஒருவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். அடுத்த மாதம் ஒரு செய்தித் தளத்திலிருந்து நிருபர் போன் செய்து, ஆய்வேட்டிலிருந்து சில பகுதிகளை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நெவேனா சந்தோஷமாகச் சரி என்றாள். கட்டுரை வியாழக்கிழமை வந்தது. தலைப்பு ‘பட்டியல் போடும் சமையற்காரி’. ஊர் எது என்று நிருபர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருந்தார். டோன்காவின் பெயரையும் போட்டுவிட்டார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் டோன்கா போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நெவேனா போய் இறங்கினாள். வேலை நாள், ஆனாலும் டோன்கா வீட்டில் உட்கார்ந்து பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டியா?” என்றாள், தலை நிமிராமல்.

“சித்தி, நான்...”

“அடுப்புல சூப் இருக்கு. போட்டுக்கோ.”

நெவேனா நின்றுகொண்டே இருந்தாள். டோன்காவே பேசினாள். நகராட்சியில் கூப்பிட்டார்களாம். சமையலறையை வேறு ஒப்பந்தத்துக்கு விடுகிறோம், ஆள் தேவையில்லை என்றார்களாம். மாவட்டத் தலைநகரிலிருந்து போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து அந்தப் பதினைந்து பேர் வீட்டிலும் ஏறி இறங்கினார்களாம். எண்பது வயதுக் கிழவிகளைக் கையெழுத்துப் போட வைத்தார்களாம். விசாரணை முடியும்வரை அந்தத் தெருவுக்கு விறகு கிடையாதாம்.

“யாரு சொன்னதுன்னு கேட்டாங்க. நானே பத்திரிகைக்காரன்கிட்ட பேசினேன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் சித்தி? நான்தான்னு சொல்லியிருக்கலாமே!”

“பின்ன? நான் வளத்த பொண்ணே என்னை வித்துட்டான்னு ஊருல சொல்லச் சொல்றியா?”

நெவேனா அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். டோன்கா அழவில்லை. பீன்ஸில் இருந்த கல்லை எடுத்து எடுத்துத் தனியாக வைத்தாள்.

“நீ எழுதினது தப்புன்னு நான் சொல்லல நெவி. எல்லாம் நடக்குறதுதான். அச்சடிக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘ஊர்ல ஒரு பொம்பளை’ன்னு எழுதுடின்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான். அது ஒண்ணுதான் எனக்கு ஆற மாட்டேங்குது.”

அந்தக் குளிர்காலத்தில் தெருவில் யாரும் டோன்காவோடு பேசவில்லை. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். உளவு சொன்னவள் என்று அந்த ஊரில் ஒருத்திக்குப் பெயர் விழுந்தால் அதைக் கழுவ டான்யூப் தண்ணீர் போதாது. மார்ச் மாதம் அவள் வீட்டைப் பூட்டிவிட்டு, அக்கா இருந்த பாதுவா நகரத்துக்கே வேலைக்குப் போனாள். ஒரு வார்த்தை இத்தாலிய மொழி தெரியாமல், ஐம்பத்தேழு வயதில்.

விசாரணையில் ஒன்றும் வரவில்லை. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் அதே மேயர்தான் ஜெயித்தார். ஏழாம் எண் சாவடியில் தொண்ணூற்று இரண்டு. நெவேனா அந்தக் கணக்கை அலுவலக இடைவேளையில் கைபேசியில் பார்த்தாள். அப்போது அவள் ஒரு தொலைபேசிச் சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகலைக்கு இடம் கிடைத்தும் போகவில்லை. மிலேவ் இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் இவள் எடுக்கவில்லை.

தேர்தலுக்கு அடுத்து வந்த வசந்தத்தில் அவள் ஊருக்குப் போனாள், உண்மையைச் சொல்லிவிடுவது என்று. நேராக ஸ்தோய்னாவின் வீட்டுக்குத்தான் போனாள்.

“பேப்பர்ல சொன்னது சித்தி இல்ல. நான்தான்.”

“தெரியும்டி,” என்றாள் ஸ்தோய்னா.

“தெரியுமா?”

“டோன்கா பத்திரிகைக்காரனோட பேசுவாளா? நகராட்சிக்கு ஒரு மனு எழுதணும்னாலே என்கிட்டதான் வருவா. அன்னிக்கே எங்களுக்குத் தெரியும்.”

“அப்புறம் ஏன் அவளோட பேசாம இருந்தீங்க?”

ஸ்தோய்னா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். “ரெண்டு மாசம் விறகில்லாம கிடந்தோம். எங்க மாமியாரு அந்தக் குளிர்லதான் போனா. கோவம் யார் மேலயாவது இருக்கணுமே! உன் மேல வெக்க அவ விடல. குறுக்க வந்து நின்னுக்கிட்டா. நாங்க என்ன செய்ய?”

காப்பி போடட்டுமா என்று ஸ்தோய்னா கேட்டாள். வேண்டாம் என்று நெவேனா வந்துவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஜூன் மாதம் அவள் பாதுவாவுக்குப் போனாள். டோன்கா கவனித்துக்கொண்ட கிழவியின் வீட்டில் வியாழக்கிழமை மதியம் மட்டும்தான் அவளுக்கு ஓய்வு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் அந்த வேலை செய்யும் பெண்கள் எல்லாம் கூடுவார்கள். ருமேனியா, உக்ரைன், மால்டோவா என்று பல நாட்டுக்காரிகள். டப்பாக்களைத் திறந்து ஒருவர் சமையலை ஒருவர் ருசி பார்ப்பார்கள். டோன்கா இளைத்திருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள்.

“என் அக்கா பொண்ணு,” என்று அரைகுறை இத்தாலியத்தில் அவர்களுக்கு அறிமுகம் செய்தாள். “பல்கலைக்கழகத்துல படிச்சவ.”

“என்ன படிச்சே பொண்ணே?” என்றாள் ஒரு ருமேனியக்காரி.

டோன்காதான் சொன்னாள். “அரசியல் அறிவியல். ஆறுக்கு ஆறு.”

கொஞ்ச தூரம் இருவரும் நடந்தார்கள். “வீட்டுக்கு வந்துடு சித்தி. என்கூட சோபியாவுல இரு. சின்ன வீடுதான், ரெண்டு பேருக்குப் போதும்,” என்றாள் நெவேனா.

“வந்தா நீ தெனமும் என் முகத்தப் பாக்கணும். பாத்துப் பாத்து அழுவே. நானும் உன்னப் பாத்துட்டு எதையோ நெனச்சுக்கிட்டு இருப்பேன். வேணாம்டி.” டோன்கா அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். “உன் மேல எனக்கு ஆசை போயிடல. பக்கத்துல இருக்கத்தான் முடியல.”

ஐந்து மணிக்குக் கிழவிக்கு மருந்து கொடுக்க வேண்டும். டோன்கா பேருந்தில் ஏறி, ஜன்னல் ஓர இருக்கையில் உட்கார்ந்தாள். நெவேனா கீழே நின்று கையசைத்தாள். டோன்கா கைப்பையைத் திறந்து பயணச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். பேருந்து திரும்பும்வரை அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.