கன்னையா கிளம்புகிறான்

பவுனம்மாள் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில், தான் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே குடியிருக்கிறார். பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல் வேலை. கணவர் போன பிறகு ஒரே மகள் ஷாமினியைத் தனியாகப் படிக்க வைத்து ஆளாக்கியவர். எதற்கும் கலங்காதவர் என்று அக்கம்பக்கத்தில் பெயர். தம்பி கன்னையாவின் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

கன்னையா கப்பல் வேலைக்குப் போனவன். அம்மா இறந்தபோது நடுக்கடலில் இருந்தான். சேதி கிடைத்து போனில் அழுதான். "இனி எந்த முகத்தோடக்கா வீட்டுக்கு வருவேன்?" என்றான். அதோடு அவன் நம்பர் வேலை செய்யவில்லை. வருஷங்கள் ஓடின. துறைமுகத்தில் கப்பல்காரர்களைக் கண்டால் பவுனம்மாள் அவன் படத்தைக் காட்டி விசாரிப்பார். இருக்கிறானா இல்லையா என்பதே தெரியவில்லை.

இந்த வருஷம் தைப்பூசம் முடிந்து, பெர்த் நகரத்துக் கோயில் படம் ஒன்றை ஷாமினி ஃபேஸ்புக்கில் பார்த்தாள். கூட்டத்தின் ஓரத்தில், நரைத்த தாடியோடு மாமா. படம் போட்டவரிடம் கேட்டுக் கேட்டு, மாமா தங்கியிருக்கும் வீட்டின் போன் நம்பரை வாங்கி அம்மாவுக்கு அனுப்பினாள். ஷாமினி தலைநகரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கிறாள். "சண்டே வரேன்மா, சேர்ந்து பேசலாம்" என்றாள்.

பவுனம்மாளால் பொறுக்க முடியவில்லை. கேண்டீன் பின்வாசலில் நின்று தானே அழைத்தார். வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் எடுத்தார். "கன்னையா... மை பிரதர்" என்றார் பவுனம்மாள். அந்த அம்மாள் மடமடவென்று ஏதோ சொன்னார். அதில் 'கன்னையா', 'லீவிங்' இரண்டும்தான் பிடிபட்டன. 'லீவிங்' என்ற சொல் பவுனம்மாளுக்குப் பழக்கம். தொழிற்சாலையில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் பங்களாதேஷ் பையன்கள் "லீவிங், அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "தேங்க்யூ, தேங்க்யூ" என்று போனை வைத்தார்.

"என் தம்பி கெளம்பிட்டானாம்லா!" என்றார், பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம். பாசாருக்குப் போய் அவனுக்குப் பிடித்த கருவாடு, ஒரு புதுக் கைலி, தலையணை எல்லாம் வாங்கிவந்தார். தெருவில் கார் நின்றால் வாசலுக்கு ஓடினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஷாமினி திகைத்துப் போனாள். "மாமா வராருன்னு யாரும்மா சொன்னது?" உடனே அந்த நம்பரை ஸ்பீக்கரில் போட்டாள். வெள்ளைக்கார அம்மாள் முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னார்.

போனை வைத்துவிட்டு ஷாமினி மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அவங்க லீவிங்னு சொல்லல. லிவிங். மாமா கெளம்பல. அங்கேயேதான் இருக்காரு."

பவுனம்மாள் தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "ரெண்டும் ஒரே மாதிரிதான கேக்குது" என்றார். அதன் உறையை நீவிவிட்டார். பிறகு, "லிவிங்னா, உசுரோட இருக்கான்னும் அர்த்தம்தான?" என்றார்.

"ஆமாம்மா."

அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

அந்த அம்மாள் சொல்லி, அன்று மாலை கன்னையாவே அழைத்தான். "அக்கா" என்றான்.

"எப்படா கெளம்புவ?"

"தெரியலக்கா. பாஸ்போர்ட்டும் தேதி முடிஞ்சு செத்துப் போச்சு. வந்தாலும் அம்மா இல்லாத வீடு..."

"நான் இருக்கேன்லடா?"



இன்னும் அவன் வரவில்லை. ஞாயிறு காலைகளில் மட்டும் அழைக்கிறான். பேச அதிகம் இருக்காது. "சமைக்கணும், வெச்சிடவா?" என்று பவுனம்மாள் கேட்டால், "வேணாங்க்கா. போனை அடுப்பு பக்கத்துல வெச்சிட்டு சமை" என்பான். கடுகு வெடிக்கும். துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் இரையும். ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் தெருமுனையில் கேட்கும்.

"ரொட்டி வந்திருச்சாக்கா?"

"வந்திருச்சுடா."

"அதே ஹாரன்தான்" என்பான். அதற்குப் பிறகு இருவரும் பேசமாட்டார்கள். போன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.