மின்சாரம் போகாத ஐந்து ஓம்

என் அக்கா ஹேமலதா பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள். கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாகக் கிராஃப் இருக்கும். எந்தக் கட்டத்தில் புள்ளி வைக்கிறோமோ அந்த இடத்தில்தான் ஜரிகை மேலே வரும். புள்ளி ஒரு கட்டம் தள்ளிப்போனால் மயிலின் மூக்கு உடைந்துவிடும். பள்ளியில் படிக்கும்போதே அவள் இதில் கெட்டிக்காரி. எங்கள் அப்பா தனக்கோடி நெய்த கரைகளில் பாதி அவள் போட்டதுதான்.

ஆனால் அவளுக்குப் பிடித்தது கரண்ட். ஒரு சப்ஸ்டேஷனில் மீட்டர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் சேர்ந்தாள். எல்லாப் பாடமும் வந்தது. சர்க்யூட் தியரி மட்டும் வரவில்லை. அரியர் விழுந்தது. திரும்ப எழுதினாள், திரும்பவும் விழுந்தது.

கடைசி வருடத்தில் ஆள் எடுக்கக் கம்பெனி வருவதாக இருந்தது. அரியர் இருந்தால் இன்டர்வியூவில் உட்கார முடியாது. அப்பா கத்தவில்லை. “இந்த வாட்டி பாஸாயிட்டா நீ எங்க வேணா போம்மா. இல்லன்னா அருணாச்சலம் பட்டுக் கடையில முழு நேரமா டிசைனுக்கு உக்காந்துடு. நான் அவருக்கு வாக்கு குடுத்துட்டேன்” என்றார். அக்காவும் சரி என்று தலையாட்டினாள்.

அவளோடு படிக்கும் ரீனா ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் அவள் ஒரு படம் வரைந்தாள். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, மேலே நாலு ஓம், வலது பக்கம் ஆறு ஓம், கீழே ஒரு மூலையில் மூன்று ஓம்.

“மொத்தம் எவ்ளோ ஓம், சொல்லு.”

“பதிமூணு.”

“எப்டிடி?”

“நாலு, அப்பால ஆறு, அப்பால மூணு. ஒன்னு பின்னாடி ஒன்னு வந்துகினு கீது. கூட்டிட்டேன்.”

“நீ படத்தையே பாத்துகினு கீற. ஒயரப் பாருடி! அந்த மூணு ஓம்ல இருந்து போற ஒயர் எங்க போய் முட்டுது?”

அக்கா விரலால் தொடர்ந்தாள். ஒயர் இரண்டு இடத்தில் திரும்பி, ஆறு ஓமின் தலைக்கே வந்து சேர்ந்தது. இன்னொரு முனை அதன் காலில் சேர்ந்தது.

“ரெண்டுக்கும் தலையும் ஒன்னு, காலும் ஒன்னு. அப்ப ரெண்டும் பேரலல். ஆறையும் மூணையும் பெருக்கி, கூட்டுனதால வகு. ரெண்டு ஓம். நாலோட சேத்தா ஆறு. பன்னெண்டு வோல்ட்டுக்கு ரெண்டு ஆம்பியர். அவ்ளோதான்.”

“ஆனா அது மூலையில கீதே.”

“மூலையில கீட்டும், மோட்டு மேல கீட்டும்! கல்யாண வீட்ல மாமியார் பந்தியில உக்காந்தா இன்னா, வாசல்ல நின்னா இன்னா? மாமியார் மாமியார்தானே?”

சமையல்கட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “மாமியார் பேச்சு இப்பவே எதுக்குங்கடி? ஜல்தி படிச்சி முடிங்க.”

அன்றைக்கு எனக்கே புரிந்தது. கிராஃபில் இடம்தான் எல்லாம். சர்க்யூட்டில் இடம் ஒன்றுமே இல்லை, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான். இத்தனை நாளும் அக்கா சர்க்யூட்டையும் கிராஃப் மாதிரியே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதன் பிறகு ஒவ்வொரு ஒயரின் முனைக்கும் எழுத்து வைத்து, படத்தை வேறு வடிவத்தில் வரைந்து பழகினாள். வேகமாக வந்தது. வீட்டில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

பரீட்சை அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். அக்கா கேள்வித்தாளை என் கையில் கொடுத்தாள். பெரிய கேள்வியில் ஒரு சர்க்யூட். எல்லாவற்றுக்கும் சரியாக எழுத்து வைத்திருந்தாள். நடுவில் ஐந்து ஓம் ஒன்று இருந்தது. அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வெறும் ஒயர் ஒன்றும் ஓடியது.

“அந்த ஒயர் இருக்கறப்ப அஞ்சு ஓம் வழியா கரண்டே போகாதுடி,” ரீனா மெல்லச் சொன்னாள். “ரெண்டு முனையும் ஒரே புள்ளி. அத அழிச்சிட்டுக் கணக்குப் போடணும்.”

அக்கா அழிக்கவில்லை. அதையும் சேர்த்துப் பதினொரு ஓம் என்று போட்டிருக்கிறாள். ஆறுதான் வரவேண்டும். கணக்கு தப்பு என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து ஓமும் ஒயரும் சேர்ந்த சின்ன வளையத்தைச் சுற்றி வோல்ட்டைக் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும், வரவில்லை. எங்கே தப்பு என்று தேடித் திரும்பத் திரும்ப வரைந்ததில் மற்ற கேள்விகளுக்கு நேரம் இல்லாமல் போனது.

“வேலை இல்லாததை எதுக்கு வரையணும்?” அக்கா கேட்டாள். “கிராஃப்ல ஒரு புள்ளி சும்மா வெப்பாங்களா? வெச்சிருக்காங்கன்னா அதுக்கு வேலை கீதுன்னுதான நெனப்பேன்.”

“நாம பாக்கறமான்னு பாக்கத்தான் வரையறாங்க.”

“அதுல கரண்ட் போகாதுன்னு தெரிஞ்சேதான் வரைஞ்சாங்களா?”

ரீனா கேள்வித்தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

ரிசல்ட் வந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அப்பா சாப்பிடாமல் தறியில் போய் உட்கார்ந்தார். அக்கா அருணாச்சலம் கடையில் சேர்ந்தாள். ரீனாவைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கிளம்புவதற்கு முன் அவள் வந்தாள்.

“அரியர் எப்ப வேணா எழுதலாம் ஹேமா. நான் ஃபோன்ல சொல்லித் தரேன். இப்பவே ஒன்னு போடலாமா?”

தாளில் ஒரு சர்க்யூட்டை வரைந்து நீட்டினாள். நான் பார்த்த சர்க்யூட்டுகளிலேயே சிக்கலானது அதுதான். அக்கா பேனாவை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எது எதை அழிக்க வேண்டும், எவை பேரலல், எத்தனை ஆம்பியர் என்று வாயாலேயே சொன்னாள்.

“சரிதான்டி!” ரீனா அவள் கையைப் பிடித்தாள்.

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். “இனிமே இதெல்லாம் எடுத்துகினு இங்க வராத ரீனா. கடையில உக்காந்தப்பறம் இப்ப எல்லாம் புரிஞ்சிடுது. அதான் பேஜாரு.”