வெள்ளிக்கிழமை வேலை பார்த்த ஸ்கிரிப்ட்

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதி ஆபீஸில் இருந்தேன். எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார லீவு. ஆபீஸ் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து அந்த வெள்ளிக்கிழமை ஏலகிரி போக வேன் பேசியிருந்தோம். எல்லாம் என் பக்கத்து சீட்டுக்காரிக்காகத்தான். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம், அதோடு வேலையை விட்டுச் சென்னைக்குப் போகிறாள். வாணியம்பாடிக்காரி. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த மலையைப் பார்த்தே வளர்ந்தவள், ஒரு தடவைகூட ஏறினதில்லை. அதைக் கேட்டு வந்த ஆத்திரத்தில்தான் நான் வேனே பேசினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வினை வந்தது. வெளிநாட்டுப் பார்ட்டி ஆர்டரை வழக்கமான எக்செல்லில் அனுப்பாமல் எக்ஸ்எம்எல் ஃபைலாக அனுப்பித் தொலைத்திருந்தான். ஷூவின் பெயர், நிறம், சைஸ் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் கோண அடைப்புக்குறிக்குள் திறக்கிற டேக், பின்னால் அதேபோல் மூடுகிற டேக். நடுவில் இருக்கிற சொல் மட்டும்தான் அட்டைப்பெட்டி லேபிளுக்கு வேண்டும். மேனேஜர் எட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்து டைப் அடியுங்கள், நாளைக்கும் எல்லோரும் வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டிபன் பாக்ஸ் கழுவப் போன என் பக்கத்து சீட்டுக்காரி, கண்ணையும் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சத்துவாச்சாரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பெர்ல் என்கிற புரோகிராம் மொழி கொஞ்சம் படித்திருந்தேன். சர்டிபிகேட் வாங்கியதோடு சரி. ஞாபகத்தைத் தோண்டி நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். திறக்கிற டேக்கிலிருந்து மூடுகிற டேக் வரை நடுவில் இருப்பதைக் கொடு, அவ்வளவுதான். ஓட்டினால் ஃபைல் முழுசும் அப்படியே வந்து விழுந்தது. முதல் டேக்கில் ஆரம்பித்த கழுதை, வழியில் இருந்த எதிலும் நிற்காமல் ஃபைலின் கடைசி டேக்கில் போய்த்தான் நின்றிருக்கிறது.

"இன்னாக்கா, ஆவாதா?" என்றாள் அவள்.

"கம்முனு இருடீ" என்று எரிந்து விழுந்தேன். பாவம், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் பிடித்தேன். முதலில் எதிர்ப்படுகிற மூடுகிற டேக்கிலேயே நில் என்று சொல்ல ஒரே ஒரு கேள்விக்குறி போதும். போட்டேன். பெயரும் நிறமும் சைஸும் மளமளவென்று வந்து நின்றன. அவள் திரையைப் பார்த்து வாசிக்க வாசிக்க, நான் ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட விடுபடவில்லை.

மேனேஜருக்கு ஏக சந்தோஷம். இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா, அப்படியானால் நாளைக்கு வந்து அந்தப் பார்ட்டியின் மற்ற ஆர்டர்களையும் முடித்துவிடுங்கள் என்றார். அடப்பாவி மனுஷா!

"அதை இதுவே பாத்துக்கும் சார். இதுக்கு லீவு வேணாம், எங்களுக்கு வேணும்" என்றேன். மற்ற ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, ஓட விட்டேன். பழைய மெஷின், மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தது; எல்லாம் முடிய மறுநாளும் ஓடும். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், வேனில் தனக்கும் இடம் இருக்குமா என்று கேட்டார். இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

மறுநாள் கொண்டை ஊசி வளைவு ஒன்று விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள் கல்யாணப் பெண். உச்சியில் இறங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக ஓரத்துக்குப் போனாள். கீழே வெயிலில் புள்ளி புள்ளியாக ஊர்கள். விரலை நீட்டி, "அங்கதான்க்கா எங்க வீடு. அம்மா இப்ப துணி காயப்போட மாடிக்கு வருவாங்க" என்றாள்.

எங்கள் யார் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் கையாட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் சேர்ந்து கையாட்டினேன்.