மூன்றாவது தரம்

மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு நான் பூசைக்காகப் போகிறேனா, ஏலத்துக்காகப் போகிறேனா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். உண்மையைச் சொன்னால் ஏலத்துக்குத்தான். பூசை ஞாயிற்றுக்கிழமைதோறும் உண்டு. சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயிலைக் கட்டி மேய்த்த எங்கள் உபதேசியார், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு சேவலைத் தூக்கிக் காட்டி அதன் குலம் கோத்திரமெல்லாம் பாடி விலையேற்றுவதை வருடத்துக்கு ஒரு நாள்தான் பார்க்க முடியும். வீட்டில் காய்த்தது, வளர்த்தது, ஊறப்போட்டது என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து கோயிலுக்குக் கொடுப்பார்கள். ஏலத்தில் எடுத்தவர் பெரிய மனதுக்காரராக இருந்தால் எடுத்ததைத் திரும்ப மேசைமேல் வைத்துவிடுவார். ஒரே பூசணிக்காய் பலமுறை விலைபோய், கடைசியில் கொடுத்தவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்ததும் உண்டு.

பொருள்கள் முடிந்தபின் பிள்ளைகளை ஏலம் விடுவார்கள். வெளியாட்கள் கேட்டால் திடுக்கிடுவார்கள். பிள்ளை தக்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதைக் கோயிலுக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்தது. திருவிழாவன்று அந்தப் பிள்ளையை மேசைமேல் உட்காரவைத்து ஏலம் கூறுவார்கள். மாமன், சித்தப்பன், பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலு பேர் விளையாட்டாக விலை கேட்பார்கள். மூன்றாவது தரம் சொல்வதற்குள் பெற்றவள் ஓடிவந்து, கையில் உள்ளதைக் கொடுத்து எடுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகு அது கோயிலிடமிருந்து வாங்கிய பிள்ளை. சாவு அதன்மேல் பாத்தியதை கொண்டாட முடியாது என்பது நம்பிக்கை. எனக்குப் பிறந்த மூத்த பிள்ளைகள் இரண்டும் மண்ணுக்குப் போயிருந்தன. அடுத்துப் பிறந்த மகளை நானும் அப்படித்தான் நேர்ந்திருந்தேன்.

அது மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த வருடம். அந்த வருட ஏலக்காசு முழுவதும் தெருவில் கிடக்கும் பிள்ளைகளுக்கு என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். பாசார் சந்தை ஓரத்திலும், ஜாலான் பெண்டஹாராத் தெருவில் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையிலும், பஸ் ஸ்டேஷனிலும் ஒரு கூட்டம் பிள்ளைகள் சாக்கை விரித்துப் படுத்துக்கிடந்த காலம் அது. கோயிலுக்குப் பின்னால் நின்ற பழைய பலகை வீட்டில் அவர்களைக் குடிவைக்க வேண்டும் என்பது சாமியாரின் ஆசை. அந்த வீட்டுக்குச் சுவர் இருந்தது, தரை இருந்தது, கூரைதான் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா சபைப் பெண்கள் நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவோம். திருவிழாவுக்கு முந்திய வாரம் சபைக்குள் ஒரு சண்டை வந்தது. ஏலத்தன்று பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தப்போகிறோமே, குளிப்பாட்டி நிறுத்துவதா, அப்படியே நிறுத்துவதா என்று. "குளிப்பாட்டிப் பவுடர் போட்டு நிறுத்தினா யாருக்கு இரக்கம் வரும்? நம்ம பிள்ளைங்க மாதிரிதான் இருக்குன்னு போயிருவாங்க" என்றார் சபைத் தலைவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம பிள்ளைங்க மாதிரி இருந்தா இரக்கம் வராதா?" என்று கேட்டுவிட்டு, கரண்டியைப் பானைக்குள்ளேயே போட்டுவிட்டு எழுந்து வந்தேன். கடைசியில் ஜெயித்தது தலைவிதான். பிள்ளைகள் அழுக்காகவே நிற்பது என்று முடிவாயிற்று.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். ஏழெட்டு வயதிருக்கும். கஞ்சியைச் சுடச்சுடக் குடித்துவிட்டு உடனே பஸ் ஸ்டேஷனுக்கு ஓடிவிடுவாள். நின்றால் என் மகளைத் தூக்கி வைத்துக்கொள்ள மட்டுமே நிற்பாள். சாமியார் அவளைக் கோயிலிலேயே தங்கச் சொல்லிப் பார்த்தார். மாட்டேன் என்றுவிட்டாள். ஏன் என்று ஒரு நாள் நான் கேட்டேன்.

"அம்மா வந்தா அங்கதானேக்கா தேடுவாங்க."

அப்பா செத்ததும் ரப்பர் தோட்டத்தில் வேலையாட்களுக்குக் கொடுக்கும் லயத்துவீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். தாயும் மகளும் பஸ்ஸில் மலாக்காவுக்கு வந்தார்கள். "இங்கயே இரு, ரொட்டி வாங்கிட்டு வந்துர்றேன்" என்று தாய் அவளை ஸ்டேஷன் பலகையில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. ரொட்டிக்கடை எங்காவது தூரத்தில் இருந்திருக்கும் என்பதுபோலச் சொன்னாள். அந்தத் தாயை நான் அன்று மனதுக்குள் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பிறகு, அவள் விட்டுவிட்டுத்தான் போனாள் என்று எனக்கு எப்படித் தெரியும், ஒரு லாரியில் அடிபட்டுக்கூடக் கிடந்திருக்கலாமே என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது.

திருவிழாவுக்கு முதல் நாள் அவள் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோயில் வாசலில் மைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்டேக்கா கொண்டாட்டத்துக்குத் திடலில் கட்டியிருந்த அதே ஒலிபெருக்கிக் குழாய்களைத்தான் வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"அக்கா, பாப்பாவ நாளைக்கு வித்துருவீங்களா?"

"விக்கிற மாதிரி விப்போம். மைக்குல கூப்புட்டதும் நான் ஓடிப்போய் வாங்கிக்குவேன்."

"எல்லாப் பிள்ளைங்களோட அம்மாவும் வருவாங்களா?"

"வராம எந்த அம்மா இருப்பா?"

அவள் பாப்பாவை என் கையில் கொடுத்தாள். பிறகு குழாய் கட்டிக்கொண்டிருந்த ஆளிடமும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த உபதேசியாரிடமும் போய், இது எவ்வளவு தூரம் கேட்கும் என்று விசாரித்தாள். உபதேசியாருக்கு வாய் சும்மா இருக்குமா? "செங் வரைக்கும் கேக்கும்லா! மெர்டேக்காவே இதுலதான் வந்துச்சு!" என்றார். "எங்க தோட்டம் அதுக்கும் அங்கால" என்று அவள் முணுமுணுத்தாள். பிறகு திரும்பி வந்து, "எனக்குத் தலைக்கு ஊத்தி ரெட்டைச் சடை போட்டு விடுங்கக்கா. அம்மா அப்படித்தான் போடுவாங்க" என்றாள். சபைத் தலைவியின் முகம் எப்படிப் போகும் என்று நினைக்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் காலை கோயில் கிணற்றடியில் அவளை நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டி, என் பழைய ரிப்பனைக் கிழித்து இரண்டு சடையிலும் கட்டிவிட்டேன்.

ஏலம் நன்றாகவே போயிற்று. கோழிகள் போயின, பலாப்பழம் போயிற்று. ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், வேதம் வேறானாலும், வருடம் தவறாமல் எங்கள் ஏலத்துக்கு வந்து ஆட்டை எடுத்துப்போவார். அந்த வருடமும் ஆட்டை எடுத்தார். பிறகு பிள்ளைகள். என் மகளுக்கு என் தம்பி விலை கேட்டான், பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றினார். "ரெண்டு தரம்" என்றதும் நான் ஓடினேன். விளையாட்டு என்று தெரியும். தெரிந்தும் எதிரே நின்றவர்களைத் தள்ளிவிட்டுப் போனேன். மகளை வாங்கி மார்போடு சேர்த்தபோது, போன இரண்டுக்கும் சேர்த்து அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மேசைமேல் அவள் ஏறி நிற்கிறாள்.

"என்னையும் சொல்லுங்கய்யா. எங்க தோட்டத்துப் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. உபதேசியாரும் சிரித்தார். தெருப் பிள்ளைகளுக்காகத்தானே ஏலம், தெருப் பிள்ளையே வந்து ஏறினால் கசக்குமா? அவள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் இழுத்து இழுத்துச் சொல்லி, "இந்த ரெட்டைச் சடைக்காரி யாருக்கு?" என்றார். ஜனங்களுக்குக் கை தாராளமாயிற்று. கோழிக்கு அரை வெள்ளிக் காசு ஏற்ற யோசித்தவர்களெல்லாம் வெள்ளி வெள்ளியாக ஏற்றினார்கள். தலைவிகூட விலை கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நானா கேட்ட விலைக்கு மேல் யாரும் போகவில்லை.

"ஒரு தரம்!" என்றார் உபதேசியார். அவள் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு தரம்!"

அவள் பாய்ந்து மைக்கோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணாவது தரம் சொல்லாதீங்கய்யா! எங்கம்மா இன்னும் வரல. தூரத்துலேர்ந்து வரணும். கொஞ்சம் இருங்கய்யா!"

அது மைக்கில் போயிற்று. காஜா பெராங் முழுக்கக் கேட்டிருக்கும்.

வாழ்நாளில் வாயடைத்து நின்றறியாத உபதேசியார் மைக்கை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றார். "பாவம், பிள்ளை பயந்துருச்சு" என்றார் என் பக்கத்தில் நின்ற தலைவி. "அவ பயப்படல. நீங்க வாயை மூடுங்க" என்றேன். அதற்காக என்னைச் சபையிலிருந்து நீக்கினாலும் சரி என்றிருந்தது. நீக்கவில்லை. அவரும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் நின்றார்.

நானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கேட்ட விலையைத் தட்டில் வைத்தார். "காசு கோயிலுக்கு. மூணாவது தரம் சொல்ல வேணாம் ஐயா. புள்ள காத்துக்கிட்டு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார். கட்டிப்போட்டிருந்த ஆட்டைக்கூட எடுத்துக்கொள்ள மறந்துபோனார்.

பந்தலைப் பிரிக்கும்வரை அவள் மேசையை விட்டு இறங்கவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு நான் கீழே உட்கார்ந்திருந்தேன். வெயில் தணிந்தபோது அவளாகவே இறங்கி என்னருகே வந்து உட்கார்ந்தாள்.

"மூணாவது தரம் சொல்லலதானேக்கா?"

"சொல்லலம்மா."

"அப்ப ஏலம் முடியல" என்றாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

கூரை போட்டார்கள். அந்தக் காசில்தான் போட்டார்கள். பிள்ளைகள் பலகை வீட்டுக்குக் குடிவந்தபோது அவளும் வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். அதைச் சாமியாரிடம் வைக்கவில்லை, உபதேசியாரிடம் வைத்தாள். அடுத்த திருவிழாவிலும் தன் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னார். ஒவ்வொரு வருடமும் சொன்னார். ஏலமெல்லாம் முடிந்து ஜனங்கள் பாத்திரங்களை எடுத்துவைக்கும் நேரத்தில், வெறும் மேசைக்கு முன்னால் நின்று, அவள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சொல்லி, ஒரு தரம், ரெண்டு தரம் என்று நிறுத்திவிடுவார். புதிதாக வந்தவர்கள் கிழவருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். நாங்கள் யாரும் விளக்கவில்லை. அவள் மேசைக் காலைப் பிடித்தபடி கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நானும் பார்ப்பேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தி மூச்சிரைக்க அந்தக் கேட்டுக்குள் ஓடிவரமாட்டாளா என்று நானும் எதிர்பார்த்தேன்.

மேசையைவிட இடுப்பு உயர்ந்துபோன பிறகும் அவள் அப்படித்தான் நின்றாள். கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் சேர்ந்த பிறகும் அன்றைக்கு மட்டும் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு வந்தாள்.

ஒரு திருவிழாவில் ஒற்றைச் சடையோடு வந்தாள். என் மகள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உபதேசியாருக்கு அப்போது கை நடுக்கம் வந்திருந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, வழக்கம்போல ஒரு தரம் சொன்னார், ரெண்டு தரம் சொன்னார், நிறுத்தினார்.

"ஐயா, மூணாவதும் சொல்லிருங்கய்யா" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மைக்கை நிறுத்திக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "மூணு தரம்" என்றார்.

அவள் கேட்டை ஒரு முறை பார்த்தாள். பிறகு மேசை விரிப்பை உதறி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, கஞ்சிப் பானையைக் கழுவப் போனாள்.